போனை எடுத்த அண்ணி

பை தைக்கும் பட்டறையின் ஷட்டரைத் திறக்க வந்த 'ரேடியோ', வாசற்படியில் மூன்று பேர் பெட்டியும் மூட்டையுமாக உட்கார்ந்திருப்பதைக் கண்டு, பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் என்றுதான் நினைத்தாள். பஸ் நிலையத்துக்குப் பின்பக்கத் தெரு அது. ஒரு பக்கம் டயர் கடை, மறுபக்கம் மெத்தைக் கடை, எதிரே கிரில் பட்டறை. வழி தெரியாமல் வந்து உட்காருகிறவர்களுக்கு அங்கே பஞ்சமே கிடையாது.

"கொஞ்சம் நகர்ந்துக்குங்க, கடை திறக்கணும்" என்றாள்.

மூவரில் மூத்தவரான நரைமீசைக்காரர் சடாரென்று எழுந்து கும்பிட்டார். "வேலையில சேர வந்திருக்கோம் மேடம். இன்னைக்குக் காலையிலதான் வரச் சொல்லியிருந்தாங்க."

"என்ன வேலை?"

"பேக்கிங் சூப்பர்வைசர்."

ரேடியோவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் பட்டறையில் பேக்கிங் என்றால், மெஷினில் உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போனவர் தரையில் காலை நீட்டிக்கொண்டு பைகளை அடுக்குவது. அதற்கு மேற்பார்வை பார்க்க ஒரு ஆளா? ஆனால் நரைமீசைக்காரர் தன் போனை நீட்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது. திரையில் இதே பட்டறை, இதே போர்டு. மூலையில் அவளே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கீழே வேலை உத்தரவு, சம்பளம், தங்குமிடம், சீருடை. சீருடைக்கும் பயிற்சிக்கும் என்று முன்பணம் வாங்கியதற்கு ரசீதும் இருந்தது.

"யாரு கிட்ட வந்து என்ன கதை விடறீங்க?" என்று அவள் ஆரம்பித்தாள். ரேடியோ என்பது அவள் அண்ணன் சின்ன வயதில் வைத்த பட்டப்பெயர். ஆரம்பித்தால் நிறுத்தவும் முடியாது, நடுவில் நிலையம் மாற்றவும் முடியாது என்பான். அவள் போட்ட சத்தத்தில் டயர் கடைக்காரர் கையில் ஸ்பேனரோடு வெளியே வந்துவிட்டார். மாடியில் குடியிருந்த அண்ணியும் இறங்கி வந்தாள்.

அண்ணிதான் பட்டறைக்கு முதலாளி. அவள் உடுப்பில் எந்நேரமும் இரண்டு மூன்று நூல் ஒட்டிக்கொண்டிருக்கும். நரைமீசைக்காரர் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"நீங்கதானே முதலாளியம்மா? போன்ல எவ்வளவு தன்மையாப் பேசினீங்க! மடமடன்னு எல்லா விவரமும் சொன்னீங்களே. அந்தப் பேச்சை நம்பித்தாம்மா பார்த்துக்கிட்டிருந்த வாட்ச்மேன் வேலையை விட்டுட்டு வந்தேன்."

ரேடியோவின் வாய் அப்படியே நின்றது. ஏனென்றால் அண்ணி போனில் பேசியதே கிடையாது.

அண்ணிக்குப் பேச்சு திக்கும். எல்லா எழுத்துக்கும் இல்லை. மற்ற எழுத்துகளை எப்படியோ தாண்டிவிடுவாள். சொல்லின் தொடக்கத்தில் 'ப' வந்தால் மாட்டிக்கொள்வாள். உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டு, கண் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கழுத்து நரம்பு புடைக்கும். விதியைப் பாருங்கள், அவள் தொழிலில் எதைத் தொட்டாலும் 'ப'தான். பை, பட்டறை, பட்டை, பட்டன், பாபின், பாக்கெட். அதிக ஆர்டர் கொடுப்பதோ பள்ளிக்கூடம். அதனால் அண்ணி பையைச் சரக்கு என்பாள். பட்டனைக் காட்டி 'அது' என்பாள். வேலை செய்கிற ஆறு பேருக்கும் அந்த 'அது'வும் 'இது'வும் மனப்பாடம். ஆனால் போனில் விரலை நீட்டிக் காட்ட முடியாதே. மணி அடித்தாலே அவள் முகம் வெளுத்துவிடும். வியாபாரப் பேச்செல்லாம் நாத்தனார் ரேடியோவின் பொறுப்பு. 'அண்ணிக்குக் கை, எனக்கு வாய்' என்று அவளே பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். நாத்தனாரும் அண்ணியும் ஒரே கூரையின் கீழே தொழில் பண்ணியும் சண்டை வராத அதிசயத்துக்குக் காரணம் அதுதான் என்று தெருவில் கேலி பேசுவார்கள்: சண்டைக்கு இரண்டு வாய் வேண்டுமே!

அண்ணி மூவரையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு நரைமீசைக்காரருடைய போனில் இருந்த நம்பரைக் காட்டி, அடி என்று ரேடியோவுக்குக் கண்ணாலேயே சொன்னாள்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். ஒரு பெண் குரல், பாகு மாதிரி. "வணக்கம், சொல்லுங்க. பட்டறை முதலாளி பேசறேன். வேலை விஷயமாவா?"

"எந்தப் பட்டறைடி? நான் பட்டறைக்குள்ள நின்னுக்கிட்டுதான் பேசறேன்!"

டக்கென்று துண்டித்துவிட்டார்கள். அதற்கப்புறம் அந்த நம்பர் உயிரோடு இல்லை. நரைமீசைக்காரர் தன் பெட்டியின் மேல் மெதுவாக உட்கார்ந்தார். அவரோடு வந்த இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அன்று மூன்று பேர். அடுத்த நாள் அதைவிட அதிகம். வாரக் கடைசியில் கைக்குழந்தையோடு ஒரு தம்பதி, வீட்டைக் காலி செய்துவிட்டுப் பாத்திரம் பண்டத்தோடு வந்து இறங்கினார்கள். அழுதவர்கள் உண்டு. நம்பாதவர்கள் உண்டு. 'உள்ளே ஒளிச்சு வெச்சுக்கிட்டு நாடகம் ஆடறீங்களா' என்று ஒருவன் ஷட்டரை உதைத்துப் பள்ளமாக்கிவிட்டுப் போனான். இன்னொருவன் பட்டறையைப் படமெடுத்து, 'ஏமாற்றுக்காரர்களின் கூடாரம் இதுதான்' என்று ஊருக்கெல்லாம் அனுப்பினான். அந்தப் படம் பள்ளிக்கூடத்துக்கும் போய்ச் சேர்ந்தது. வழக்கமான பை ஆர்டரை இந்த வருஷம் நிறுத்தி வைப்பதாக அங்கிருந்து பட்டும் படாமலும் தகவல் வந்தது.

அண்ணனும் ரேடியோவும் போலீஸ் நிலையம் போனார்கள். எழுதி வாங்கிக்கொண்ட அதிகாரி நல்ல மாதிரிதான். "நம்பரை மாத்திக்கிட்டே இருக்காங்க. பணம் போற கணக்கு ஏதாவது தெரிஞ்சா கொண்டு வாங்க. விளம்பரத்தைப் பார்க்கிற இடத்திலெல்லாம் புகார் கொடுங்க. ஒண்ணை எடுத்தா ஒண்ணு முளைக்கும், விடாதீங்க" என்றார்.

திரும்பி வந்த அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். செய்து முடித்த பைகளைத் தன் மூன்று சக்கர வண்டியில் கடைகளுக்குக் கொண்டு போகிறவன் அவன். கடைக்காரர்கள் கேட்கும் கேள்வியெல்லாம் அவன் முகத்தில்தான் வந்து விழும்.

"பேசாம போர்டைக் கழட்டிட்டு வேற பேர் வெச்சிடலாம்" என்றான்.

அண்ணி மெஷினிலிருந்து நிமிர்ந்தாள். "ப்... ப்... பேரை மாத்தினா," என்று தொடங்கி, கண்ணை மூடித் திறந்து, "அவங்க அடுத்த கடைப் ப்... பேரை எடுப்பாங்க. வந்து நிக்கிறவங்க அங்கே நிப்பாங்க" என்றாள்.

பிறகு கையிலிருந்த பாதி தைத்த பையைக் கீழே வைத்துவிட்டு, ரேடியோவிடம் போனை நீட்டினாள். தான் பேசுவதை வீடியோப் படமாக எடுக்கச் சொன்னாள்.

"நீங்களா? வேணாம் அண்ணி. நான் பேசறேன். ஒரே மூச்சுல எல்லாத்தையும் சொல்லி முடிச்சிடறேன்" என்று ரேடியோ முடியைச் சரிசெய்துகொண்டாள்.

அண்ணி மறுத்துத் தலையை ஆட்டினாள். "நீ ப்... பேசினா அவ ப்... பேசற மாதிரியே இருக்கும்."

ரேடியோவுக்குச் சுருக்கென்றது. ஒரு நொடி கோபம்கூட வந்தது. அடுத்த நொடி மயிர்க்கூச்செறிந்தது. உண்மைதானே! சரளமாகப் பேச யாராலும் முடியும். கூலிக்கு ஆள் வைத்தும் பேசலாம். இந்த ஊரிலேயே அண்ணி பேசுகிற மாதிரி பேச அண்ணி ஒருத்தியால்தான் முடியும். வாழ்நாள் முழுக்க எதை ஒளித்து வைத்தாளோ, அதையே நடுத்தெருவில் எடுத்து வைக்கப் போகிறாள் இந்தப் பெண்பிள்ளை என்று புரிந்ததும் போனை உயர்த்திப் பிடித்தாள்.

அண்ணி வெட்டும் மேசைக்கு முன்னால் நின்றாள். பின்னால் ஆறு பேரும் தங்கள் மெஷின்களில் இருந்தார்கள்.

"வணக்கம். இந்தப் ப்... ப்... ப்... பைப் ப்... பட்டறை என்னோடது. எனக்குத் திக்கும். இங்கே நாங்க எட்டு ப்... பேர்தான். இப்ப வேலைக்கு ஆள் எடுக்கலை. எடுத்தா இந்த ஷட்டர்ல எழுதி ஒட்டுவோம். யார்கிட்டேயும் எதுக்கும் ப்... ப்... பணம் கேட்க மாட்டோம். என் ப்... பேரைச் சொல்லி யாராவது திக்காம ப்... பேசினா, அது நான் இல்லை. சந்தேகம் இருந்தா இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க. நான்தான் எடுப்பேன்."

ஒரு 'ப'வையும் அவள் சுற்றிக்கொண்டு போகவில்லை. சரக்கு என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ஒவ்வொன்றின் எதிரிலும் போய் நின்று, அது திறக்கிறவரைக்கும் காத்திருந்து உள்ளே போனாள். ரேடியோ இன்னொரு தடவை எடுக்கலாமா என்று கேட்டாள். அண்ணி வேண்டாம் என்றாள். அதை அப்படியே ஊருக்கெல்லாம் அனுப்பினார்கள்.

அன்று பிற்பகலிலேயே மணி அடிக்க ஆரம்பித்தது. பழக்கதோஷத்தில் ரேடியோ கையை நீட்டினாள். அதற்குள் அண்ணி எடுத்துவிட்டாள். முகம் வழக்கம்போல வெளுத்தது, ஆனாலும் எடுத்தாள்.

சிலர் அவள் வாய் திறந்ததும் வைத்துவிட்டார்கள். சில பயல்கள் கூப்பிட்டு அவளைப் போலவே பேசிக் காட்டிச் சிரித்தார்கள். ரேடியோவுக்கு ரத்தம் கொதித்தது. "கொடுங்க அண்ணி, நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்கறேன்" என்று பறந்தாள். அண்ணி அந்த அழைப்பை முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். ஒரு கட்டத்துக்கு மேல் கேலி செய்கிறவர்களிடம், "சிரிச்சு முடிச்சாச்சா? வேலை விஷயமா யாராவது காத்துக்கிட்டிருக்கலாம், லைனை விடுங்க" என்று சொல்லப் பழகிக்கொண்டாள். அதில் ஒரு 'ப' கிடையாது என்பதை ரேடியோ கவனித்தாள். சொல்லைத் தேர்ந்தெடுப்பதில் அண்ணி எவ்வளவு கெட்டிக்காரி என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

இரண்டாம் நாள் ஒரு வாலிபன் ரயில் நிலையத்திலிருந்து கூப்பிட்டான். பின்னால் அறிவிப்புச் சத்தம். பயிற்சிக்கான தொகையை அனுப்ப விரலை வைத்துவிட்டதாகவும், சும்மா ஒரு தடவை கேட்டுவிடலாமே என்று கூப்பிட்டதாகவும் சொன்னான்.

"ப்... ப்... ப்..." என்று நின்றுவிட்டாள் அண்ணி.

ரேடியோவின் நாக்கு நுனியில் சொல் தயாராக இருந்தது. மறுமுனையில் அந்தப் பையன் சொன்னது ஸ்பீக்கரில் கேட்டது: "மெதுவாச் சொல்லுங்கக்கா. எனக்கு வண்டிக்கு இன்னும் நேரமிருக்கு."

"ப்... பணம் அனுப்பாதே, தம்பி. வண்டியும் ஏறாதே. வீட்டுக்குப் ப்... போ."

 அவன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "சரிக்கா" என்றான். அண்ணி போனை வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி ஜிப்பில் ரன்னரைக் கோத்தாள். ரேடியோ அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு முழு ஆளை, அவன் வீட்டை, அவனை நம்பியிருக்கிறவர்களை, ஒரு சொல்லுக்கு எதிரில் நின்றே காப்பாற்றிவிட்டாளே!

பட்டறையின் பெயர் செல்லாது என்று தெரிந்ததும் அந்தக் கும்பல், அண்ணி சொன்னபடியே, அடுத்த கடைக்குத் தாவியது. முதலில் மெத்தைக் கடை. அப்புறம் கிரில் பட்டறை. டயர் கடைக்காரர் 'என் கடையைப் பார்த்து எவன் வேலைக்கு வருவான்' என்று சிரித்துக்கொண்டிருந்தார். மறுநாள் அவர் வாசலில் 'டயர் ஆய்வு அதிகாரி'யாகச் சேர இரண்டு பேர் வந்து நின்றார்கள். மூன்று கடைக்காரர்களும் பட்டறைக்கு வந்து பை மூட்டைகளின் மேல் உட்கார்ந்தார்கள்.

"வெளியே சொன்னா நம்ம பேர்தானே கெடும்?" என்றார் மெத்தைக் கடைக்காரர்.

"சொல்லாததாலதான் கெடுது" என்றாள் அண்ணி.

அவள் சொன்ன யோசனைகள் எளிமையானவை. ஒவ்வொரு கடைக்காரரும் தன் முகத்தோடும் குரலோடும் ஒரு படம் போட வேண்டும். ஷட்டரில் தங்கள் நம்பரைப் பெரிதாக எழுதி, வேலைக்குக் காசு வாங்குவதில்லை என்று கீழே எழுத வேண்டும். தினமும் காலையில் கடை திறந்ததும், வேலை விளம்பரங்களில் தங்கள் கடைப் பெயரைத் தேடிப் பார்த்து, பொய்யாக இருந்தால் உடனே புகார் கொடுக்க வேண்டும். முக்கியமாக, ஏமாந்து வந்து நிற்கிறவர்கள் மேல் எரிந்து விழக்கூடாது. அவர்கள்தான் சாட்சி. யார் கூப்பிட்டது, எந்தக் கணக்குக்குப் பணம் போனது என்பது அவர்களிடம்தான் இருக்கும். விரட்டிவிட்டால் அதுவும் அவர்களோடு போய்விடும்.

டயர் கடைக்காரரைப் படமெடுக்க ரேடியோ பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. தெருவே அதிரக் கத்துகிற மனிதர், போனைக் கண்டதும் பாஸ்போர்ட்டுக்கு உட்கார்ந்தவர் மாதிரி விறைத்துப் போனார். "அண்ணியே பேசிட்டாங்க, உங்களுக்கு என்ன வந்தது?" என்று அவள் அதட்டிய பிறகுதான் குரல் வந்தது.

நரைமீசைக்காரர் ஊருக்குத் திரும்பவில்லை. நான்கு கடையும் சேர்ந்து அவரைத் தெருவுக்கு வாட்ச்மேனாக வைத்துக்கொண்டார்கள். பெட்டியோடு யாராவது தயங்கித் தயங்கி வந்தால் அவரே எதிரில் போய், "வேலைக்கா? நானும் இப்படித்தான் வந்தேன். முதல்ல உட்காருங்க" என்பார். அந்த ஒரு வார்த்தையில் பாதிச் சண்டை அடங்கிவிடும்.

அந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிற ஒரு பெண் பட்டறையைத் தேடி வந்தாள். வந்தவள் அண்ணியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அக்கா, உங்களை மாதிரியே ஒருத்தி திக்கித் திக்கிப் பேசறா" என்றாள்.

ரேடியோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணியின் படம் பரவிப்போனதும், அந்தப் பாகுக் குரல்காரி மறுபடி பட்டறையின் பெயருக்கே வந்து, திக்கவும் கற்றுக்கொண்டிருந்தாள்!

"எனக்குப் போன் வந்துச்சு. வ-வ-வணக்கம்னா, சொ-சொ-சொல்லுங்கன்னா. எழுத்துக்கு எழுத்து திக்கினா. என் பொண்ணுக்கும் திக்கும்கா. அதனால எனக்குத் தெரியும், யாருக்கும் எல்லாத்துலயும் திக்காது. நீங்க 'ப'வுல நிக்கறதைப் படத்துல பார்த்திருக்கேன். என் பொண்ணு தினமும் போடச் சொல்லிப் பார்ப்பா. சரி, சோதிச்சுப் பார்ப்போம்னு, உங்க பட்டறையில என்னங்க செய்யறீங்கன்னு கேட்டேன். ஸ்கூல் பை, டிராவல் பை, பர்ஸுன்னு படபடன்னு சொல்லிட்டா!"

மெஷினில் இருந்தவர்களெல்லாம் கொல்லென்று சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

துணி துவைக்கிறவள் அதோடு நிற்கவில்லை. ஏமாந்தவள் மாதிரியே இழுத்து இழுத்துப் பேசி, பணம் போட வேண்டிய கணக்கு விவரம் முழுவதையும் வாங்கி வைத்திருந்தாள். ஏற்கெனவே மற்றவர்கள் கொடுத்த விவரங்களோடு அதையும் சேர்த்து நான்கு கடைக்காரர்களும் போலீஸ் நிலையத்துக்குப் போனார்கள். இந்தத் தடவை அதிகாரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பல பேர் கொடுத்த விவரத்தில் ஒரே கணக்கு திரும்பத் திரும்ப வந்திருந்தது. வேறொரு ஊரில், கூலிக்குத் தன் கணக்கைக் கொடுத்திருந்தவன் முதலில் சிக்கினான். அவனை வைத்துப் போலீஸார் ஒரு வாடகை அறையைக் கண்டுபிடித்தார்கள். அறை நிறையப் போன்கள், அவற்றில் பேச நான்கைந்து பேர். பாகுக் குரல்காரியும் அங்கேதான் இருந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே இருந்தவன் மட்டும் கைக்கு எட்டவில்லை. பறிகொடுத்தவர்களில் சிலருக்குத்தான் கொஞ்சம் திரும்பக் கிடைத்தது. பள்ளிக்கூட ஆர்டர் பாதிதான் வந்தது; மீதியை அதற்குள் வேறு கடைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

துணி துவைக்கிறவள் ஒரு விடுமுறை நாளில் தன் மகளை அழைத்து வந்தாள். அந்தப் பெண் அண்ணி எதிரில் வந்து நின்று, "ந... ந... நானும் உங்களை மாதிரிதான்" என்றாள். அண்ணி அவளுக்கு ஒரு பையை எடுத்துக் கொடுத்து, "இது என்ன, சொல்லு?" என்றாள். அவள் சட்டென்று "பை" என்றாள். "உனக்கு இது வருதே! எனக்கு வராது ப்... ப்... பாரு" என்றாள் அண்ணி. இரண்டு பேரும் ஏதோ பெரிய ரகசியத்தைப் பங்கு போட்டுக்கொண்டவர்கள் மாதிரி சிரித்தார்கள். ரேடியோ அங்கே நிற்க முடியாமல் வெட்டும் மேசைப் பக்கம் போய்விட்டாள்.

இப்போது போன் அண்ணியின் மெஷின் பக்கத்திலேயே இருக்கிறது. ரெக்சின் வியாபாரியிடம் விலை பேசுவதும் அவள்தான். அவள் ஒரு 'ப'வில் நிற்கும்போது, மறுமுனையில் இருக்கிறவர் அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் தானே விலையைக் குறைத்துவிடுகிறார் என்று ரேடியோ தெருவெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள்.

போன வாரம், முன்பின் தெரியாத ஊரிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். போட்டோவுக்குச் சட்டம் போடுகிற சின்னக் கடை வைத்திருப்பவர். அவர் கடை வாசலிலும் ஆட்கள் பெட்டியோடு வந்து நிற்கிறார்களாம். யாரோ இந்த நம்பரைக் கொடுத்தார்களாம். அவருக்கு அழுகையில் பேச்சே வரவில்லை. மெஷின்கள் ஓடுகிற இரைச்சலில் அண்ணி ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "சொல்லுங்க, நான் கேட்கறேன்" என்றாள்.

ரேடியோ தன் மெஷினை நிறுத்தினாள். அவளைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர் நிறுத்தினார். ஒவ்வொன்றாக எல்லா மெஷின்களும் ஓய்ந்தன. பட்டறை அவ்வளவு அமைதியாக இருந்து யாரும் பார்த்ததில்லை. எதிரே கிரில் பட்டறையில் இரும்பு அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அவர் சொல்லி முடித்தார். அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ப்... ப்... ப்..."

எல்லோரும் காத்திருந்தார்கள். அந்த ஊரில் அவரும் காத்திருந்தார்.

"பயப்படாதீங்க" என்றாள் அண்ணி. "முதல்ல, வந்து நிக்கிறவங்களை உட்காரச் சொல்லுங்க."